வீட்டு வேலைக்குக் கூலியா, வீட்டில் பங்கா?

கொடிமுல்லை:

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் கொடுத்த ஒரு தீர்ப்பை மறுபடி எடுத்துப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. கம்சலா அம்மாள் வழக்கு. கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை பார்த்தார், மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்தார், அவர் அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கினார்கள். ஊர் திரும்பியவர், எல்லாம் என் சம்பாத்தியம், இவளுக்கு இதில் ஒன்றுமில்லை என்று நீதிமன்றம் போனார். அவர் இறந்த பிறகும் வழக்கு ஓடியது. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னதன் சாரம் இதுதான்: வீட்டை ஒருத்தி விடுமுறையே இல்லாமல் பார்த்துக்கொண்டதால்தான் இன்னொருவர் கவலையில்லாமல் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சொத்து இருவர் உழைப்பிலும் வந்தது. வழக்கில் இருந்த சில சொத்துகளில் அந்த அம்மாவுக்குப் பாதிப் பங்கு கிடைத்தது.

இதை நான் சட்டம் படித்துப் பேசவில்லை. எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம். மனை வாங்கும்போது பணம் பற்றவில்லை, அம்மாவின் எட்டுப் பவுன் போனது. வீடு கட்டும்போது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அம்மாதான் சமைத்துப் போட்டார், சுவருக்குத் தண்ணீர் விட்டு நனைத்தது அம்மாவும் நானும். பத்திரம் அப்பா பெயரில் பதிவானது, அதை யாரும் பேசி முடிவு செய்யக்கூட இல்லை, அப்படித்தான் நடக்கும் என்று நடந்தது. ஆறு வருடம் கழித்துச் சித்தப்பாவின் வியாபாரக் கடனுக்கு அப்பா அந்த வீட்டை ஈடு வைத்தார். அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது ஏல நோட்டீஸைக் கதவில் ஒட்டிய அன்று. அப்பா கெட்டவர் இல்லை, குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அந்தத் "தோன்றவே இல்லை" என்பதுதான் எனக்கு இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை.

வீட்டு வேலையும் வேலைதான், அதைச் செய்கிறவளுக்கு வீட்டில் பங்கு உண்டு என்று சட்டமே எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

பாலைவனத்தான்:

சகோதரி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது தப்பு, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அதை வைத்து எங்களை எல்லாம் ஒரே கூண்டில் ஏற்றாதீர்கள். நான் தம்மாமில் 14 வருடமாக இருக்கிறேன். ஏசி மெக்கானிக். ஒரு அறையில் ஆறு பேர், கோடையில் மொட்டை மாடியில் நின்று வேலை செய்யும்போது ஸ்பேனர் கையைச் சுடும். வரும்போது ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி கட்டியே முதல் இரண்டு வருடம் போனது. அந்தக் கடனை யார் அடைத்தது? சொத்தில் பாதி என்றால் கடனிலும் பாதியா?

மாதம் பிறந்தால் மொத்தப் பணமும் அவள் கணக்குக்குத்தான் போகிறது. ஏடிஎம் கார்டு அவளிடம். மளிகை, பள்ளிக்கூடக் கட்டணம், நகைச்சீட்டு எல்லாம் அவள் முடிவு. பரமக்குடியில் வாங்கிய மனை மட்டும் என் பெயரில் இருக்கிறது. அது ஒன்றுதான் நான் பார்த்து, நான் சம்பாதித்தேன் என்று கையில் பிடித்துக்கொள்ள இருப்பது. பிள்ளைகள் வளர்ந்ததையே நான் போனில்தான் பார்த்தேன். அதிலும் பாதி என்று சட்டம் வந்து சொன்னால் கணவன் மனைவிக்கு நடுவில் வக்கீல் வந்து உட்காருவார். எனக்கு அது பிடிக்கவில்லை.

பழைய தபால்:

எனக்கு வயது 71. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகளே, நீ சொல்வதில் உள்ள வேதனை புரிகிறது, ஆனால் "வேலை", "உழைப்பு", "பங்கு" என்ற சொற்கள் வீட்டுக்குள் நுழையும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் நான்தான். இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதை யாராவது வேலை என்று சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அது என் மனைவி. எல்லாவற்றுக்கும் விலை போட்டு விட்டால் அப்புறம் மனிதர் மனிதருக்குச் செய்வது என்று என்ன மிச்சம் இருக்கும்?

கொடிமுல்லை:

ஐயா, நீங்கள் ஆறு வருடம் செய்தது சாதாரண விஷயம் இல்லை. மரியாதையாகத்தான் கேட்கிறேன். அந்த ஆறு வருடத்தில் தெருவே உங்களைப் பார்த்து இப்படி ஒரு கணவர் கிடைக்குமா என்று சொல்லியிருக்கும், சொந்தக்காரர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். அதற்கு முன் அம்மா உங்களுக்கும் பிள்ளைகளுக்கும், உங்கள் தாய் தகப்பனுக்கும் இதையே எத்தனை வருடம் செய்தார்கள்? யாராவது ஒருவர் அவர்கள் கையைப் பிடித்தார்களா? அன்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அன்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, அவர்களுடையது தெரியவில்லை. எனக்கு அதுதான் குறை.

பாலைவனத்தான் அண்ணா, உங்கள் உழைப்பை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் நீங்களே எழுதியதைத் திரும்பப் படியுங்கள். மாதச் செலவு முழுக்க அவர் கையில், நின்று நிலைக்கிற சொத்து மட்டும் உங்கள் பெயரில். அவர் கையில் இருப்பது மாதக் கடைசியில் தீர்ந்துவிடும்.

நிலாமதி:

நான் பெண்ணியம் பேசுகிறவள்தான், ஆனால் கொடிமுல்லையின் கட்சி இல்லை. வீட்டு வேலைக்கு மதிப்புப் போடு, பங்கு கொடு என்று போகிற வழி கடைசியில் பெண்ணை அடுப்படியிலேயே கொண்டுபோய் நிறுத்தும் என்று நினைக்கிறேன்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஒரு நாளில் வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் 100க்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். அப்படிக் கை வைத்தவர்களிலும் பெண்கள் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது, அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது! அப்படியானால் நமக்குக் குறைந்த நேரத்தை ஆண்கள் வந்து வாங்கிக்கொள்ளவில்லை.

எங்கள் பாட்டி காலத்தில் மாவு ஆட்டுவதற்கே ஒரு பொழுது போகும். கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்யத் தொடங்கியபின் நடுத்தர வீடுகளுக்கு அந்தக் கஷ்டம் தீர்ந்தது. 2011இல் ஜெயலலிதா ஆட்சியில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று வீடு வீடாகக் கொடுத்தார்கள், "இலவசம்" என்று எத்தனை பேர் கேலி பேசினார்கள்! பேசியவர்களில் ஒருவராவது அதற்குமுன் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். 2022 செப்டம்பரில் மதுரையில் ஸ்டாலின் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்குக் காலையில் உப்புமாவோ பொங்கலோ பள்ளியிலேயே கிடைக்கிறது என்றால் அதன் அம்மாவுக்குக் காலையில் ஒரு மணி நேரம் மிச்சம். நான் கேட்பது இதுபோன்றது. வேலையை வீட்டில் இருந்து வெளியே எடுத்துக்கொண்டு போ, மிச்சம் இருப்பதை ஆணும் பெண்ணும் பாதிப் பாதி செய். குழந்தைகள் காப்பகம் திற, மாதாந்திர விலக்கு நாளிலும் நின்று சமைக்கிறவளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடு.

இதை விட்டுவிட்டு வேலைக்குச் சம்பளம் என்றால் என்ன நடக்கும் தெரியுமா? "சம்பளம் வாங்குகிறாயே, தோசை ஏன் ஆறிப்போயிருக்கிறது" என்று கேட்பார்கள். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால் பையை வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குத்தான் போகிறேன். என் கணவர் சமைக்கத் தெரியாது என்கிறார். என் பத்து வயது மகன் அதைக் கேட்டுக்கொண்டே வளர்கிறான், எனக்கு அதுதான் பயம்.

இன்னொன்று, வேலை செய்ததால் பங்கு என்றால் வேலை செய்ய முடியாதவளுக்கு? தபால் ஐயாவின் மனைவி ஆறு வருடம் படுக்கையில் இருந்தாரே, அந்த ஆறு வருடத்தில் வாங்கிய சொத்தில் அவருக்குப் பங்கு இல்லை என்று ஆகிவிடாதா? அப்புறம் ஒவ்வொரு வழக்கிலும் இவள் நன்றாகச் சமைத்தாளா, மாமியாரைப் பார்த்துக்கொண்டாளா என்று சாட்சி விசாரிப்பார்கள்.

களத்துமேடு:

நிலாமதி அக்கா சொன்ன கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் எல்லோரும் சொத்து, பத்திரம், பாதி என்று பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் பங்கு போட என்ன இருக்கிறது? புறம்போக்கில் ஒரு வீடு, அதற்குப் பட்டா கேட்டே என் தாத்தா காலத்தில் இருந்து நடக்கிறோம்.

என் அம்மா கீழ்வேளூர் பக்கம் நடவுக்குப் போனவர். விடியுமுன் எழுந்து சோறாக்கி, எங்களைக் கிளப்பிவிட்டு வயலுக்குப் போவார். ஒரே வயலில் ஒரே நாள் வேலை செய்தாலும் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு. சாயங்காலம் அப்பா கட்டிலில் உட்காருவார், அம்மா தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவார். இரண்டு பேரும் ஒரே சேற்றில் நின்று வந்தவர்கள்தானே! "ஆண் வெளியே சம்பாதிக்கிறான், பெண் வீட்டைப் பார்க்கிறாள்" என்பதே எங்களுக்குத் தெரியாத கதை, எங்கள் பெண்கள் எப்போதும் இரண்டும் செய்தார்கள். பண்ணையார் வீட்டு அம்மாள் அடுப்படியில் கஷ்டப்பட்டதாகச் சொல்வார்கள், அந்த வீட்டின் கொல்லையைப் பெருக்கி மாட்டுத் தொழுவம் அள்ளியது என் பாட்டி. வாசல் வழியாகப் போக விடமாட்டார்கள். அவர் வேலைக்கு யார் பங்கு கொடுப்பார்?

எங்களுக்குக் கையில் வந்தது கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கினார்கள், அப்போதே 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்று வைத்தார்கள். பெண்கள் வீட்டில் கூலியில்லாமல் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னது. என் அம்மாவுக்கு அறுபது வயது. அவர் பெயரில் மாதம் தவறாமல் பணம் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சர்க்கரை மாத்திரை வாங்குகிறார், மிச்சத்தைச் சீட்டுக் கட்டுகிறார். அப்பா கேட்டபோது "அது என் பணம்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. அதனால் சம்பளம் பெண்ணைக் கட்டிப்போடும் என்று சொல்லுமுன் யோசித்துச் சொல்லுங்கள்.

நிலாமதி:

தங்கை, பணம் கையில் வருவதை நான் எதிர்க்கவில்லை, உங்கள் அம்மா சொன்னதைப் படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. ஆனால் 1,000 ரூபாயைக் காட்டி "அதுதான் கொடுத்துவிட்டோமே" என்று ஆண்கள் இருக்கிற இடத்திலேயே இருந்துவிடக் கூடாது என்கிறேன். உங்கள் அப்பா இப்போதாவது குடம் எடுக்கிறாரா?

களத்துமேடு:

இல்லை அக்கா. குழாய் வீட்டுக்கே வந்துவிட்டது, குடம் எடுக்கிற வேலைதான் போனது. அவர் மாறவில்லை.

வழக்காடி:

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் சண்டை கொஞ்சம் குறையும். நான் திருச்சியில் வக்கீல் தொழில் செய்கிறேன்.

இந்தியாவில் பெரும்பாலும் கணவன் சொத்து கணவனுடையது, மனைவி சொத்து மனைவியுடையது. கல்யாணத்தால் மட்டும் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு உயிரோடு இருக்கும்போது பங்கு வராது. கணவர் இறந்தால் மனைவி வாரிசு, பிரிந்தால் ஜீவனாம்சம். இரண்டுக்கும் நடுவில், சேர்ந்து வாழ்கிற காலத்தில் சொத்தில் பங்கு கிடையாது. கம்சலா அம்மாள் தீர்ப்பிலேயே, மனைவியின் மறைமுகப் பங்களிப்பை அங்கீகரிக்க இதுவரை தனிச் சட்டம் இல்லை, ஆனால் நீதிபதி அதை அங்கீகரிப்பதற்குத் தடையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லா வழக்கிலும் தானாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், கொடிமுல்லை சட்டம் வேண்டும் என்று கேட்பது அந்த வகையில் சரிதான்.

நம் நீதிமன்றங்கள் இல்லத்தரசியின் வேலைக்கு நீண்ட காலமாகவே விலை போட்டு வருகின்றன. ஆனால் எப்போது என்றால் அவர் செத்த பிறகு. 1989இல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவில் தீப்பிடித்துப் பல பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள், அந்த வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று கணக்கிட்டது. 2010இல் இன்னொரு விபத்து வழக்கில், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர், கைதிகளோடு சேர்த்து உற்பத்தி செய்யாதவர் பட்டியலில் வைத்ததை அதே நீதிமன்றம் கண்டித்தது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ரமணா, நிலாமதி சொன்ன அதே 299 நிமிடக் கணக்கை எடுத்து எழுதினார். இல்லத்தரசி லாரி மோதி இறந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அவர் உழைப்புக்குப் பணம் கட்ட வேண்டும், உயிரோடு இருந்தால் அந்த உழைப்புக்குக் கணக்கே இல்லை. இத்தனை வருடத் தொழிலில் எனக்கு இதைவிட உறுத்துவது குறைவு.

படுக்கையில் இருக்கிற மனைவிக்குப் பங்கு உண்டா என்ற கேள்விக்கு கோவாவில் பதில் இருக்கிறது. அங்கே போர்ச்சுகீசியர் காலத்து 1867 சிவில் சட்டத்தில் இருந்து வந்த முறை இன்னும் நடக்கிறது. கல்யாணத்தின்போது வேறு ஒப்பந்தம் எழுதவில்லை என்றால் சொத்து இருவருக்கும் பொது, பிரிந்தால் பாதிப் பாதி. யார் சமைத்தார், யார் பெருக்கினார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்காக வாங்கிய கடனும் பொது, பாலைவனத்தான் கேட்டதற்கு அதுதான் பதில். முக்கியமாக, வீடு நிலத்தை ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் விற்க முடியாது.

வடமராட்சி:

வணக்கம். கோவா மட்டும் போகத் தேவையில்லை, யாழ்ப்பாணத்துக்கும் வாருங்கள். எங்கட தேசவழமைச் சட்டத்தில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்தில், இது எப்பவோ இருக்கிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் 1707இல் எழுத்தில் வந்தது, அதற்கு முன்னமே வழக்கத்தில் இருந்தது. பரம்பரையாக வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்து விடுவது சீதனம், கல்யாணத்துக்குப் பிறகு வாங்குவது தேடிய தேட்டம். இந்தத் தேடிய தேட்டத்தில் புருசனுக்கும் மனைவிக்கும் சரிபாதி. மனைவி உழைத்தாளா என்று யாரும் கேட்பதில்லை. தமிழர் குடும்பத்துக்கு ஒத்துவராது என்று சொல்கிற ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் முழுக்கதையையும் சொல்லாமல் விட்டால் பிழை. அதே சட்டத்தின்படி கல்யாணமான பெண் தன்ர சொந்தக் காணியை விற்பதென்றாலும் புருசனுடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. என்ர மாமியின் புருசன் 2009இல் காணாமல் போனவர். மாமிக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவளைப் படிப்பிக்கக் காசு தேவைப்பட்டது, தாய் தந்த சீதனக் காணி ஐந்து பரப்பு இருந்தது. அதை விற்க ஏலாது. கையெழுத்து வைக்க மனிசன் இல்லை, செத்துப்போனார் என்று எழுதித் தரவும் மாமிக்கு மனம் இல்லை, இன்னும் தேடுகிறார். சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தில் மனுப் போட்டு அலைந்து முடிய இரண்டு வருடம். பிள்ளை அந்த வருடம் படிப்பை விட்டுவிட்டாள்.

ஆகவே பங்கு இருந்தால் மட்டும் போதாது அக்கா. விற்க, ஈடு வைக்க, வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லாத பங்கு எங்களுக்கு முந்நூறு வருடமாக இருக்கிறது.

கொடிமுல்லை:

வடமராட்சி, உங்கள் மாமியைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. நான் பாதி என்ற கணக்கையே பிடித்துக்கொண்டு நின்றேன். என் அம்மாவுக்கு அன்று பாதிப் பங்கு இருந்திருந்தாலும் அப்பா அவரிடம் வெற்றுத்தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருந்தால் போட்டுக் கொடுத்திருப்பார், எனக்குத் தெரியும். ஆனால் கேட்டிருப்பாரே! ஈடு வைக்கிறோம் என்பதாவது அம்மா காதில் விழுந்திருக்கும், எங்கள் தாய்மாமனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கலந்திருப்பார். கோவாவில் இருவர் சம்மதமும் வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு, யாழ்ப்பாணத்தில் ஒருவர் சம்மதம் மட்டும் வேண்டும், அதுவும் ஆணின் சம்மதம். அந்த இடத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது.

நிலாமதி, வேலைக்குப் பங்கு என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். கல்யாணத்துக்குப் பங்கு. படுத்திருந்தாலும் பங்கு, வங்கியில் வேலை பார்த்தாலும் பங்கு. ஆனால் வேலைக்கு மதிப்பு இல்லை என்கிற எண்ணம்தான் பங்கு இல்லை என்று சொல்ல வைக்கிறது, அதை நான் விடமாட்டேன்.

நிலாமதி:

அப்படியென்றால் அந்த ஒரு விஷயத்தில் உங்களோடு இருக்கிறேன். என் கணவர் சமைக்கிற விஷயத்தில் சட்டம் ஒன்றும் செய்யாது, அது நான் வீட்டில் போட வேண்டிய சண்டை.

பழைய தபால்:

கொடிமுல்லை கேட்டதற்கு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. பதில் இல்லாமல்தான் எழுதவில்லை. என் மனைவி என் அம்மாவைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டார். கடைசி மூன்று வருடம் அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது, சோற்றைத் துப்புவார், அடிப்பார். நான் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மாலை வருவேன். அந்தக் காலத்தில் ஒரு நாள்கூட அவர் முதுகு வலிக்கிறதா என்று நான் கேட்டதாக ஞாபகம் இல்லை. நான் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது என் முதுகு வலிக்கும், அப்போதும் எனக்கு அது தோன்றவில்லை, இதைப் படித்த பிறகுதான் தோன்றியது.

விலை போடக் கூடாது என்பதில் இன்னும் என் கருத்து மாறவில்லை. ஆனால் எங்கள் வீடு என் பெயரில்தான் இருந்தது, அவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை.

பாலைவனத்தான்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். சட்டம் வீட்டுக்குள் வருவது எனக்கு இப்போதும் ஒப்பவில்லை, கம்சலா அம்மாள் வழக்கில் அந்த மனிதர் பதினோரு வருடம் பாலைவனத்தில் கிடந்ததைப் பற்றி யாரும் ஒரு வரி பேசவில்லை என்கிற வருத்தமும் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே அறையில் முறைவைத்துச் சமைக்கிறோம், என் முறை செவ்வாயும் வெள்ளியும். மீன் குழம்பு நன்றாக வைப்பேன், ஆறு பேருக்கும் சேர்த்துப் பாத்திரம் கழுவுவேன், என் துணியை நானே துவைக்கிறேன். லீவில் ஊருக்குப் போனால் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்க மாட்டேன். இரண்டு மாதம் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வரும். அவளும் பாவம், தூரத்தில் இருந்து வந்த மனுஷன் என்று செய்கிறாள். சமைக்கத் தெரியாது என்று நிலாமதியின் கணவர் சொன்னார் என்று படித்தபோது, எனக்குத் தெரிந்தே செய்யவில்லை என்று பட்டது.

போன வருடம் மழையில் எங்கள் மனையின் பக்கத்து ஆள் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான். சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து, விஏஓ அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்து, கல் நட்டது அவள்தான். எல்லா இடத்திலும் "பத்திரம் யார் பெயரில், அவரை வரச்சொல்லும்மா" என்றார்களாம். அவள் அதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, வேலை முடிந்ததைத்தான் சொன்னாள்.

வழக்காடி சார், என் பெயரில் இருக்கிற மனையில் அவள் பெயரையும் சேர்க்க என்ன செய்ய வேண்டும்? செலவு அதிகம் ஆகுமா?

வழக்காடி:

பாதிப் பங்கை அவர் பெயருக்கு செட்டில்மென்டாக, அதாவது விலை வாங்காமல் கொடுக்கும் பத்திரமாக, எழுதிக் கொடுக்கலாம். கணவன் மனைவிக்குள் என்பதால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கிரயத்தைவிடப் பல மடங்கு குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. அங்கிருந்து பவர் எழுதி அனுப்புவதைவிட லீவில் வரும்போது நேரில் வந்து செய்வது எளிது. அடுத்து ஏதாவது வாங்குவதாக இருந்தால் கிரயத்திலேயே இரண்டு பெயரையும் போட்டுவிடுங்கள். முழுவதும் மனைவி பெயரில் என்றால், 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இப்போதைக்கு மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள். பட்டாவில் பெயர் மாற்றுவதையும் அப்போதே சேர்த்துச் செய்துவிடலாம்.

பாலைவனத்தான்:

சரி சார். பத்திரமும் பட்டாவும் வீட்டில்தான் இருக்கின்றன, எந்தப் பெட்டியில் என்று எனக்குத் தெரியாது, அவளிடம்தான் கேட்க வேண்டும். அங்கே இப்போது இரவு பதினொன்று ஆகியிருக்கும். காலையில் கூப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.